அப்பா ஆரம்பித்த சைக்கிள் கடையை மூடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கும்பகோணம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். 1964ல் அப்பா எட்டு வாடகை சைக்கிளோடு ஆரம்பித்தது. தொண்ணூறுகளில் வாடகை வண்டிகளைத் தள்ளிவிட்டுப் புது சைக்கிள் விற்பனைக்கு மாறினோம். ஒரு காலத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் ராத்திரி பதினோரு மணி வரை உதிரிகளைச் சேர்த்து வண்டி பூட்டிக்கொண்டிருப்போம். இப்போது சில நாள் மத்தியானம் வரை போணியே ஆவதில்லை. கட்டட உரிமையாளரின் மகன் வாடகையை இரண்டு மடங்காக்கு, இல்லையென்றால் காலி செய் என்கிறார். சென்னையில் இருக்கும் என் மகன் "மூடிட்டு வாங்கப்பா" என்கிறான். அப்பா உட்கார்ந்த நாற்காலியில்தான் இன்னும் உட்காருகிறேன். மூடினால் அவருக்கு என்ன பதில் சொல்வது? கடையில் 32 வருஷமாக ஒருத்தர் என்னோடு வேலை பார்க்கிறார். மூடலாமா, கூடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நாலு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அப்பா வருகிறார். கூட வேலை பார்ப்பவர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார், அதுவும் பெயரில்லாமல். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த வரிக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் அப்பா. அவர் ஆரம்பித்தது நீங்கள் இப்போது நடத்தும் கடையே இல்லையே! நோட்டில் பேரும் நேரமும் எழுதிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் வண்டி விட்ட கடை அது. குரங்குப் பெடல் போடும் பையன்களுக்குச் சின்ன வண்டி, பெரியவர்களுக்குப் பெரிய வண்டி, ஹேண்டில்பாரில் பஞ்சாயத்து வரி வில்லை. அந்த வியாபாரம் படுத்தபோது அவர் எட்டு வண்டியையும் தள்ளிவிட்டு வேறு வேலை பார்த்தார். உங்கள் தாத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் கடிதம் எழுதியிருக்க மாட்டார். எனவே அவரைக் காரணம் காட்டிக் கடையைப் பிடித்து வைத்திருக்காதீர்கள். அந்த நாற்காலியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது, விற்பனை ஏன் படுத்தது? நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். "ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருக்க வேண்டும்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வண்டிகள் டெண்டர் வழியாகக் கம்பெனியிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்குகின்றன. உங்கள் கடையை மிதிக்கவே இல்லை. நீங்கள் சொல்லும் அந்த ஜூன் மாதக் கூட்டத்தில் பெரும்பகுதி இந்த வயசுப் பிள்ளைகள்தானே? பதினாறில் இலவச சைக்கிள், பதினெட்டில் தவணைக்கு பைக். நடுவில் உங்களுக்கு மிஞ்சியது மூன்று சக்கர வண்டியும், பக்கச்சக்கரம் வைத்த குட்டி சைக்கிளும். அதையும் இப்போது போனிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

உங்களைவிடப் பெரியவர்களே தாங்கவில்லை. 1951ல் ஹரியானாவின் சோனிபட்டில் பிறந்த அட்லஸ் சைக்கிள் கம்பெனி, சாஹிபாபாத் தொழிற்சாலையை மூடியது 2020 ஜூன் 3ல். அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! ஊரடங்கில் உலகமே சைக்கிள் வாங்கியது. அந்த அலை வடிந்ததும் 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் பெரிய ஆன்லைன் சைக்கிள் கடையான விகிள் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆன்லைன்காரன் கதையே அப்படி.

ஒன்றைக் கவனியுங்கள். சைக்கிள் ஒழிந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் பைக், ஸ்கூட்டர் உள்ள வீடுகள் 12 சதவீதத்திலிருந்து 21க்கு ஏறியபோதும் சைக்கிள் வீடுகள் குறையவில்லை. வண்டி வீட்டில் இருக்கிறது. அதை வாங்கும் இடம்தான் உங்கள் கடை இல்லை என்று ஆகிவிட்டது. வீட்டில் இருக்கும் வண்டிக்கு பஞ்சர் ஆகும், ரிம் கோணும், செயின் கழன்று விழும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. போன வருஷம் பேரனுக்கு கியர் சைக்கிள் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். (என்னைத் திட்டாதீர்கள், அவன் மாடல் நம்பரோடு வந்து நின்றான்.) 85 சதவீதம் பூட்டி அட்டைப்பெட்டியில் வந்தது. மிச்சம் 15 சதவீதத்தை என் மருமகன் பூட்டினார், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து. பெடல் மிதித்தால் கால் முன்சக்கரத்தில் இடித்தது. பக்கத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "எங்க வாங்குனீங்களோ அங்கயே போங்க" என்றார்கள். இரண்டாவது கடையிலும் அதே பதில். கடைசியில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் கை வைத்தார்.

ஃபோர்க்கைத் திருப்பியது ஐந்து நிமிஷ வேலை. அப்புறம் அவர் சும்மா முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, "கோட்டம் இருக்கும்மா" என்றார். புது வண்டியில் கோட்டமா? சாக்பீஸ் துண்டு ஒன்றை ஃபோர்க்கில் ஊன்றி, ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். ஓர் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் ஒரு கம்பியைக் கால் திருகு முறுக்கினார், எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு தளர்த்தினார். மறுபடி சுற்றினார். கோடு சின்னதானது. நாலாவது சுற்றில் கோடே விழவில்லை. பிறகு கம்பிகளை வீணை மீட்டுவது மாதிரி வரிசையாகத் தட்டிக் கேட்டார். எது தொளதொளவென்று இருக்கிறது என்று சத்தத்திலேயே தெரியுமாம். அறுபது ரூபாய் கேட்டார். இருநூறு கொடுத்தேன். வாங்க யோசித்தார்.

உங்கள் கடையில் 32 வருஷமாக இருப்பவரும் இவர் மாதிரி ஒருவர்தான். அவரைத்தான் நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவள். மூடிய கடைகளின் கணக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே ஒரு வேலை சொல்கிறேன். கடைசி ஆறு மாதத்துக்கு விற்பனையில் நின்ற லாபத்தைத் தனியாகவும் ரிப்பேர் வரும்படியைத் தனியாகவும் எழுதுங்கள். ஓவராயில் (வண்டியைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவது), பஞ்சர், காற்று, கோட்டம், பால்ரஸ் குண்டு மாற்றியது எல்லாம் ரிப்பேரில். வாடகையும் கரண்டும் விற்பனைக்குக் கீழே எழுதுங்கள், ஏனென்றால் அந்த ஷோகேஸும் வரிசையாகத் தொங்கும் புது வண்டிகளும்தான் அவ்வளவு பெரிய இடத்தைக் கேட்கின்றன. ரிப்பேருக்கு ஒரு திண்ணை போதும். கணக்கு எப்படி வரும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நீங்களே போட்டுப் பாருங்கள்.

என் ஊகம் சரியென்றால், விற்பனையை மூடுங்கள். பெரிய இடத்தைக் காலி செய்யுங்கள். ரிப்பேரை அவர் கையில் கொடுங்கள், சம்பள ஆளாக வைத்துக்கொள்ளாமல் அவருடைய சொந்தக் கடையாகவே. ஸ்டாண்ட், பம்பு, ஸ்பேனர் செட், கம்பி முறுக்கும் சாவி, மிச்சமிருக்கும் டியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் அவருக்கே. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடைக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது, எனவே சட்டப்படி நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற அந்தச் சட்டத்தின் கணக்கையே 32 வருஷத்துக்குப் போட்டு, முடிந்த அளவு ரொக்கமாகவும் கொடுங்கள். உங்களிடம் அது இருக்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவருக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஆன்லைனில் வாங்கிய வண்டியைத் திருப்பி அனுப்பவே கூடாது. அட்டைப்பெட்டியோடு தெருத்தெருவாக அலைகிறவர்கள்தான் இனி வாடிக்கை. இன்னொன்று, கூலியை ஏற்ற வேண்டும். டிஸ்க் பிரேக்கும் கியரும் சரிசெய்ய நேரம் பிடிக்கும், அதைப் பஞ்சர் ஒட்டும் கூலிக்குச் செய்யக் கூடாது. கியர் வேலை தெரியாதென்றால் மதுரையிலோ திருச்சியிலோ பெரிய கடை ஒன்றில் ஒரு மாதம் இருந்து பழகட்டும். அந்த மாதச் செலவு உங்களுடையது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், சரக்கைக் குறைத்த பிறகு ரத்துக்கு எழுதிக் கொடுங்கள். ரத்தாகும் நாளில் கையில் நிற்கும் சரக்குக்கு வரிக் கணக்கு தீர்க்கச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு வரி 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பழைய விலைச்சீட்டை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள், வந்த விலைக்குத் தள்ளுங்கள். பரணில் கிடக்கும் பழைய டைனமோ, மணி, ஹம்பர், ராலே வண்டி உதிரிகளை மட்டும் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய வண்டி சேர்ப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ரிப்பேருக்கு விட்டுவிட்டு வராமலே போனவர்களின் வண்டிகள் எல்லாக் கடையிலும் நாலைந்து இருக்கும். போன் பண்ணுங்கள், ஒரு மாதம் போர்டு வையுங்கள்.

வாடகை விஷயத்தில் மல்லுக்கு நிற்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கேட்கிறது. அறுபது வருஷ வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு கோர்ட்டில் இழுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அப்பா கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே தேடுங்கள்.

இதையெல்லாம் மகனிடம் சொல்வதற்கு முன்னால் கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லுங்கள். கடையில் வைத்துச் சொல்ல வேண்டாம். நீங்கள் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியிலும் அவர் கீழே பஞ்சர் தொட்டி பக்கத்திலும் உட்கார்ந்திருந்தால், நீங்கள் என்ன சொன்னாலும் "சரி முதலாளி" என்றுதான் சொல்வார். மத்தியானம் போணி ஆகாத ஒரு நாளாகப் பார்த்து ஷட்டரை இறக்கிவிட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். புதுக் கடைக்கு உங்கள் அப்பா பெயர் போட்ட போர்டு வேண்டுமா என்று கேளுங்கள். அவர் தன் பெயரில் போர்டு வைக்க ஆசைப்பட்டால், பெயிண்டருக்கு நீங்கள் பணம் கொடுங்கள்.