பின்னாடி ஸ்பீக்கர்ல என்ன கேக்குது? – இந்த இதழ் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பழைய பாப் பாட்டு வீடியோவெல்லாம் டிவிடிலயும் ப்ளூரேலயும் 5.1 சவுண்டோட (முன்னாடி மூணு ஸ்பீக்கர், பின்னாடி ரெண்டு, அடி சத்தத்துக்குன்னு சப்வூஃபர் ஒண்ணு) வருதே, அது நிஜமான வேலையா, இல்ல ஏமாத்து வேலையான்னு. அதனால மத்த கேள்விய அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

அண்ணா, 70-கள்ல வந்த பாட்டெல்லாம் ரெண்டு சேனல் ஸ்டீரியோதானே? அத எப்படி ஆறு சேனலா ஆக்குறாங்க?

ரெண்டு வழி இருக்கு தம்பி. நெய்த துணிய பிரிச்சு நூலாக்குறது ஒண்ணு, நூல் கண்டையே தேடி எடுத்துட்டு வந்து புதுசா நெய்யறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் நிஜமான 5.1 ரீமிக்ஸ். அந்த நூல் கண்டுக்கு பேரு மல்டிட்ராக் டேப். 70-களோட நடுவுல பெரிய ஸ்டுடியோவுல எல்லாம் ரெண்டு இன்ச் அகல டேப்ல 24 ட்ராக் வந்தாச்சு, டிரம்ஸுக்கு சிலது, பேஸுக்கு ஒண்ணு, குரல் தனியா, கோரஸ் தனியா. ரெண்டு சேனலா கலந்தது கடைசி வேலை. அந்த கலக்காத டேப் பத்திரமா இருந்தா மறுபடி கலக்கலாம், இந்த தடவ உக்காந்திருக்கிறவர சுத்தி.

க்வீன்ங்கிற ராக் குழுவோட போஹீமியன் ராப்சடி இதுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கும். 1975-ல வந்த பாட்டு, 5 நிமிஷம் 55 செகண்ட், வீடியோவ ப்ரூஸ் கோவர்ஸ்னு ஒரு டைரக்டர் ஒரு சில மணி நேரத்துலயே எடுத்து முடிச்சுட்டாரு. படம் அவ்வளவுதான், ஆனா நடுவுல ஓபரா மாதிரி வர்ற இடத்துல குரல் மேல குரலா அடுக்கி வெச்சிருக்காங்க பாருங்க, 2002-ல வந்த அவங்க வீடியோ டிவிடில டிடிஎஸ் 5.1 (டிடிஎஸ்னா சவுண்ட சுருக்கி டிஸ்க்ல போடுற ஒரு முறை, டால்பின்னு இன்னொண்ணும் இருக்கு) போட்டு கேட்டா அந்த குரல்கள் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு நம்மள நடுவுல வெச்சு பேசிக்கும். ஸ்டீரியோல ரெண்டு ஸ்பீக்கருக்குள்ள முட்டி மோதிட்டு இருந்ததுக்கு இப்பதான் இடம் கெடச்ச மாதிரி இருக்கும்.

ஆனா எல்லா பாட்டுக்கும் இந்த யோகம் இல்ல. பீட்டில்ஸோட ஆரம்ப கால பாட்டெல்லாம் ரெண்டே ட்ராக்ல பதிவானது, 1963 அக்டோபர்லதான் நாலு ட்ராக்குக்கு போனாங்க, எட்டு ட்ராக் 1968-ல. ஷீ லவ்ஸ் யூ பாட்டுக்கு அந்த ரெண்டு ட்ராக் டேப்பே இப்ப இல்ல, எல்லாத்தையும் ஒரே சேனலா கலந்த மோனோ மட்டும்தான் மிஞ்சியிருக்கு. 2015-ல அவங்க வீடியோவெல்லாம் சேத்து 1+னு டிஸ்க் செட்டா வந்தப்ப சவுண்ட கவனிச்சுக்கிட்டது ஜைல்ஸ் மார்ட்டின், பழைய ப்ரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டினோட பையன். அவராலயும் இல்லாத டேப்புக்கு என்ன பண்ண முடியும். அதுக்கப்புறம்தான் காலம் மாறிச்சு, கலந்த சவுண்டுலேர்ந்து கித்தார், டிரம்ஸ், குரல்னு பிரிச்சு எடுக்குற கம்ப்யூட்டர் வித்தை வந்துச்சு, 2022-ல ரிவால்வர் ஆல்பத்த அப்படித்தான் திரும்ப மிக்ஸ் பண்ணாங்க. ஆக துணிய பிரிச்சு நூலாக்குறதும் இன்னிக்கு கேலிக்குரிய விஷயம் இல்ல. பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன்.

கவர்ல 5.1னு போட்டிருக்கு. அது நிஜமான மிக்ஸா இல்ல ஸ்டீரியோவ சும்மா ஊதி பெருசாக்கினதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முன்னாடி இருக்குற மூணு ஸ்பீக்கரோட வயரயும் கழட்டிடுங்க. ரிசீவர, அதான் ஸ்பீக்கரெல்லாம் மாட்டியிருக்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டிய, ஆஃப் பண்ணிட்டு கழட்டுங்க, வயர் முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுடாம பாத்துக்கங்க. இப்ப பின்னாடி ரெண்டு மட்டும் ஓடட்டும், வால்யூம் கொஞ்சம் ஏத்துங்க.

நிஜமான மிக்ஸா இருந்தா திடீர்னு ஒரு ஆள் தனியா உங்க தோளுக்கு பின்னாடி நிப்பாரு. கோரஸ் பாடுற ரெண்டு பேர், பாடுறதுக்கு முன்னாடி இழுக்குற மூச்சு, கித்தார் கம்பி மேல விரல் வழுக்குற சத்தம். ஒரு டிஸ்க்ல நான் கேட்டது இன்னும் மறக்கல, பாட்டு நடுவுல பின்னாடி ஸ்பீக்கர்ல அஞ்சாறு செகண்ட் ஒண்ணுமே இல்ல, டேப்போட "ஸ்ஸ்ஸ்" மட்டும், அப்புறம் ஒரே ஒரு டாம்பரின் தட்டு, மறுபடி அமைதி. முன்னாடி ஸ்பீக்கரெல்லாம் ஓடும்போது அந்த தட்டு ஒண்ணு இருக்குன்னே எனக்கு தெரியாது.

ஊதி பெருசாக்கினதா இருந்தா பின்னாடி கேக்குறது முழு பாட்டேதான், ஆனா தண்ணிக்குள்ள ஓடுற மாதிரி. குரல் மட்டும் மங்கி, சிம்பல் மட்டும் சலசலன்னு, லேசா எதிரொலியோட. ரிசீவர்லயே டால்பி ப்ரோ லாஜிக் 2ன்னு ஒரு பட்டன் இருந்தா அது பண்றதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அத காசு குடுத்து டிஸ்க்ல வேற வாங்கணுமா சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. மேடைல பாடின கச்சேரி டிஸ்க்குக்கு இந்த சோதனை செல்லாது, அங்க பின்னாடி கைதட்டலும் ஹால் எதிரொலியும் மட்டும்தான் வரணும், அதுதான் சரி.

டிடிஎஸ்ஸா டால்பியா? நானும் என் ஃப்ரெண்டும் இதுக்காக ஒரு வாரமா பேசிக்கல.

பேசிக்குங்க முதல்ல. டிவிடில டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் செகண்டுக்கு 448 கிலோபிட், டிடிஎஸ் பாதி ரேட்ல 768, முழு ரேட்ல 1,509. நம்பர பாத்தா டிடிஎஸ் மூணு மடங்கு. ஆனா ரெண்டும் வேற வேற விதமா சுருக்குது, அதனால நம்பர வெச்சு மார்க் போட முடியாது. உங்க ஃப்ரெண்ட் "டிடிஎஸ் போட்டா அடி தூக்குது"ன்னு சொல்றாரே, அதுக்கு பெரும்பாலும் காரணம் வேற. டால்பிக்குள்ள சவுண்ட் லெவல சமப்படுத்த ஒரு குறிப்பு எழுதி வெச்சிருப்பாங்க, அத பாத்து ரிசீவர் தானா ஒரு நாலு டெசிபல் கொறச்சுடும். காது எப்பவுமே சத்தமா இருக்கிறததான் நல்லா இருக்குன்னு சொல்லும். ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வந்துட்டு கண்ண மூடி கேளுங்க, வித்தியாசம் இருக்கும், சண்டை போடுற அளவுக்கு இருக்காது. ப்ளூரேல டால்பியோட ட்ரூஎச்டி, டிடிஎஸ் மாஸ்டர் ஆடியோ ரெண்டுமே ஒரு பிட்கூட தொலையாம சுருக்குற ரகம், அங்க சண்டைக்கே இடம் இல்ல.

பாட்டு வீடியோல உதடு அசையுறதும் குரலும் ஒட்டல. ஸ்டீரியோ போட்டா சரியா இருக்கு, 5.1 போட்டா மட்டும் தப்புது. டிவி கோளாறா?

நல்லா கவனிச்சிருக்கீங்க. டிவி கோளாறா இருந்தா பெரும்பாலும் ரெண்டுலயும் ஒரே மாதிரி தப்பும், டிவி படத்த பாலிஷ் பண்ண கொஞ்ச நேரம் எடுத்துக்கும், குரல் முந்திக்கும், ரிசீவர்ல ஆடியோ டிலே ஏத்தினா சரியாயிடும். 5.1-ல மட்டும் தப்புதுன்னா முதல்ல அந்த டிலேவையே கொஞ்சம் மாத்தி பாருங்க. ஒரே அளவு தள்ளி இருந்துச்சுன்னா அதுலயே ஒழுங்காயிடும். பாட்டு ஆரம்பத்துல சரியா இருந்து போக போக விலகுதுன்னா அது மிக்ஸ் பண்ணவங்க பக்கத்து விஷயம்.

ஏன்னா வீடியோ எடிட் ஆனது அப்ப வந்த ஸ்டீரியோ மாஸ்டருக்கு, அதாவது கலந்து முடிச்ச கடைசி டேப்புக்கு. ரீமிக்ஸ் வர்றது மல்டிட்ராக்லேர்ந்து, அது வேற டேப், வேற மெஷின். டேப் மெஷின் ரெண்டு ஒரே வேகத்துல ஓடுறது ரொம்ப அபூர்வம். ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம்னா கூட நாலு நிமிஷ பாட்டோட கடைசில கால் செகண்டு விலகிடும், அதாவது 25 ஃப்ரேம் கணக்குல ஆறு ஃப்ரேம். அதுவும் போக அந்த காலத்துல மாஸ்டர் பண்ணும்போது பாட்டு கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கட்டும்னு வேணும்னே வேகத்த ஏத்தி விடுவாங்க, தனிப்பாட்டா விக்கிற சிங்கிள் ரெக்கார்டுக்குன்னு நடுவுல ஒரு வரிய வெட்டி எறிவாங்க. ரீமிக்ஸ் பண்றவர் இதெல்லாம் பழைய மாஸ்டர பக்கத்துல ஓட விட்டு வரி வரியா ஒட்டணும். பொறுமை இல்லாதவர் கைல மாட்டினா உங்க டிஸ்க் மாதிரி ஆகும்.

நான் சின்ன வயசுலேர்ந்து கேட்ட பாட்டு, 5.1-ல வேற யாரோ பாடின மாதிரி இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சா?

இல்லைங்க, உங்க காது சரியாத்தான் சொல்லுது. மல்டிட்ராக் டேப்ல இருக்கிறது பச்சை குரல். நீங்க மனப்பாடமா வெச்சிருக்கிற அந்த எதிரொலி, அந்த பளபளப்பு, கடைசில பாட்டு தேஞ்சு மறையுற விதம், இதுல நெறைய மிக்ஸ் பண்ற அன்னிக்கு கையால பண்ணினது, டேப்ல பதிவாகவே இல்ல. இரும்புத் தகடு அதிர வெச்சு எதிரொலி எடுப்பாங்க அப்ப. 30 வருஷம் கழிச்சு வர்றவர் இதெல்லாம் ஊகிச்சு திரும்ப பண்ணணும். சிலர் பழைய மிக்ஸ் மேல பக்தியோட பண்ணுவாங்க, கிங் க்ரிம்சன், ஜெத்ரோ டல் குழுக்களோட ஆல்பமெல்லாம் 5.1 பண்ண ஸ்டீவன் வில்சன் அந்த ரகம், கேட்டா பழைய பாட்டே கொஞ்சம் கதவ திறந்து விட்ட மாதிரி இருக்கும். சிலர் கித்தார தூக்கி பின்னாடி போட்டு, அத சுத்த விட்டு, தலை கிறுகிறுக்க வெச்சுடுவாங்க. அதுவும் ஒண்ணும் புதுசு இல்ல, 70-கள்ல குவாட்ரஃபோனிக்னு நாலு ஸ்பீக்கர் ரெக்கார்டு வந்தப்பவே இந்த விளையாட்டெல்லாம் ஆடி பாத்தாச்சு.

என் கட்சி என்னன்னா, பழைய ஸ்டீரியோ ட்ராக்கும் அதே டிஸ்க்ல இருந்தாத்தான் வாங்குவேன். அத எடுத்துட்டு ரீமிக்ஸ் மட்டும் போடுறவங்கள நான் மன்னிக்கிறதில்ல.

ஆறு ஸ்பீக்கரும் வாங்கி மாட்டியாச்சு, ரெண்டுல மட்டும்தான் சத்தம் வருது.

டிஸ்க் மெனுவுல ஆடியோன்னு ஒரு பக்கம் இருக்கும், நெறைய பாட்டு டிவிடி தானா ஸ்டீரியோ பிசிஎம்லதான் (சுருக்காத ரெண்டு சேனல்) ஆரம்பிக்கும், மாத்தி விடுங்க. அப்புறம் ப்ளேயர் செட்டிங்ல டிஜிட்டல் அவுட்புட் பிட்ஸ்ட்ரீம்ல (சுருக்கின சவுண்ட அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) இருக்கான்னு பாருங்க, டிடிஎஸ் ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க. சிரிக்காதீங்க, நான் ஒரு டிஸ்க்க எட்டு மாசம் ஸ்டீரியோலயே கேட்டுட்டு "என்ன ஒரு சரவுண்ட்!"னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்ச ஆளு.

எங்க வீட்டுக்காரர் பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டையும் அலமாரி உச்சில ஏத்தி வெச்சிருக்காரு சார். அழகா இருக்கு, ஆனா சரியா?

காது உயரத்துக்கு கொஞ்சம் மேல இருக்கலாம்மா, உச்சில வேண்டாம். உக்காந்து நேரா பாக்குறத 0 டிகிரின்னு வெச்சா முன்னாடி ரெண்டும் 30 டிகிரில, பின்னாடி ரெண்டும் 110 டிகிரி பக்கத்துல, அதாவது முதுகுக்கு பின்னாடி இல்ல, பக்கவாட்டுலேர்ந்து கொஞ்சம் பின் தள்ளி. மிக்ஸ் பண்றவரும் ஏறக்குறைய இப்படித்தான் வெச்சு கேக்குறாரு. இடம் இல்லன்னா அலமாரிலயே இருக்கட்டும், ஆனா எந்த ஸ்பீக்கர் எத்தன அடி தூரத்துல இருக்குன்னு ரிசீவர்ல சரியா போடச் சொல்லுங்க, சத்தம் ஒரு அடி போக கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் ஆகும், அத வெச்சுத்தான் அது எல்லாத்தையும் ஒரே நேரத்துல உங்க காதுக்கு கொண்டு வருது.

சப்வூஃபர் இல்லன்னா அந்த .1 போயிடுமா?

ரிசீவர் மெனுவுல சப்வூஃபர் "இல்லை"ன்னு போட்டுட்டா பெரும்பாலான ரிசீவர் அத முன் ஸ்பீக்கருக்கு திருப்பி விடும். பாட்டு மிக்ஸ்ல பேஸ் எப்படியும் மத்த சேனல்லயே இருக்கும், பெரிய நஷ்டம் இல்ல.

எனக்கு ஒரு காது மட்டும்தான் கேக்கும். இந்த 5.1 எனக்கு ஏதாவது பிரயோஜனமா சார்? வீட்ல கிண்டல் பண்றாங்க.

கிண்டல் பண்றவங்க கிட்ட ப்ரையன் வில்சன் பேர சொல்லுங்க. பீச் பாய்ஸ்ங்கிற பாப் குழுவோட மூளையா இருந்தவரு, வலது காது சின்ன வயசுலேர்ந்தே ஏறக்குறைய கேக்காம இருந்துச்சு, 1966-ல பெட் சவுண்ட்ஸ் ஆல்பத்த மோனோலதான் மிக்ஸ் பண்ணாரு. அதே ஆல்பம் 2003-ல டிவிடி ஆடியோவுல 5.1-ஆ வந்துச்சு, மிக்ஸ் பண்ணது மார்க் லினெட்.

சத்தம் எந்த திசைலேர்ந்து வருதுன்னு பிடிக்க ரெண்டு காதும் வேணும், அதனால கோரஸ் பின்னாடி சுத்துறதெல்லாம் உங்களுக்கு தெளிவா தெரியாது, அத மறைச்சு சொல்லி என்ன ஆகப்போகுது. ஆனா ஹெட்ஃபோன்ல ஸ்டீரியோ கேட்டா ஒரு பக்கத்து சவுண்டே உங்களுக்கு இல்லாம போயிடும், ரூம்ல ஆறு ஸ்பீக்கர் ஓடினா எல்லாமே நல்ல காதுக்கு வந்து சேரும். முக்கியமா ஒண்ணு, நெறைய 5.1 மிக்ஸ்ல மெயின் குரல் சென்டர் ஸ்பீக்கர்ல தனியா உக்காந்திருக்கும், ஸ்டீரியோல இந்த வசதியே கிடையாது. ரிசீவர்ல சென்டர் லெவல மட்டும் ஒரு 3 டெசிபல் ஏத்துங்க, சோஃபாவ நல்ல காது ரூம் நடுவ பாக்குற மாதிரி கொஞ்சம் திருப்பிப் போடுங்க, வரி வரியா வார்த்தை புரியும். போட்டு பாத்துட்டு எந்த பாட்டு கேட்டீங்கன்னு எழுதுங்க.