கேள்வி-பதில்: எந்த ஆல்பத்தை எல்பி-யாக வாங்கலாம்?

கேள்வி: ஸ்ட்ரீமிங்கில் எல்லாமே கேட்டுவிடுகிறேன். இருந்தாலும் சமீபத்திய ராக், இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத இசை) ஆல்பங்களில் ஒன்றிரண்டை எல்பி-யாக (ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டாக) வாங்கி வைக்க ஆசை. எவை தேறும்?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் தி க்யூர் என்ற ஆங்கில ராக் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு' (2024). 16 வருடம் கழித்து வந்த ஸ்டுடியோ ஆல்பம், எட்டே பாட்டு. முதல் பாட்டான 'அலோன்'-இல் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. போனில் கேட்டால் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். ஊசியை வைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் அந்த டிரம்ஸும் கீபோர்டும் மெல்லச் சூழ்வது பிடிபடும். அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தில் அவர் எழுதிய 'ஐ கேன் நெவர் சே குட்பை' என்னைக் கலங்க வைத்தது.

ஃபான்டெய்ன்ஸ் டி.சி. என்ற ஐரிஷ் குழுவின் 'ரொமான்ஸ்' (2024) நல்ல ஆல்பம்தான். 'ஸ்டார்பர்ஸ்டர்' பாட்டில் பாடகர் கிரையன் சாட்டன் திணறித் திணறி மூச்சை இழுக்கும் சத்தம் ஒன்று போதும், பதற்றம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். நடுவில் கொஞ்சம் தொய்வு. சிடி போதும் என்பேன்.

கீஸ் குழுவின் 'கெட்டிங் கில்ட்' (2025) துணிச்சலானது. ஆனால் பாடகர் கேமரன் வின்டரின் குரல் எல்லோருக்கும் ஒத்துப்போகாது. இரண்டு முறை முழுசாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சிண்டி லீயின் 'டைமண்ட் ஜூபிலி' (2024) எனக்கு உயிர். ஆனால் 32 பாட்டு, இரண்டு மணி நேரம், மூன்று தட்டு. அந்த மயக்கத்திலிருந்து ஐந்து முறை எழுந்து தட்டைத் திருப்புவது கொடுமை. டிஜிட்டலாகவே வாங்குங்கள்.

கேள்வி: கலர் எல்பி, 180 கிராம் எடையுள்ள தடித்த தட்டு என்று விலையை ஏற்றுகிறார்களே, கொடுக்கலாமா?

பதில்: ஒலிக்காக என்றால் வேண்டாம். நிறத்தாலோ எடையாலோ இசை தெளிவாகிவிடாது. மாஸ்டரிங்கும் (பதிவின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) தட்டை அச்சடித்த தரமும்தான் முக்கியம். படம் பதித்த தட்டுகளில் இரைச்சல் கூடுதலாகவே இருக்கும். வாங்குமுன் ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுழலும் தட்டில் 22 நிமிடத்தைத் தாண்டினால், ஊசி ஓடும் பள்ளக் கோடுகளை நெருக்க வேண்டியிருக்கும். சத்தமும் பேஸும் (அடித்தொனியும்) குறையும். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் எல்பி வாங்கினால் பெரும்பாலும் டிஜிட்டல் பிரதியும் கூடவே வந்துவிடும்.