ஒரு குழு, இரண்டு குரல்: கில்ஸ்விட்ச் எங்கேஜ் பற்றிய கேள்விகள்

கேள்வி: கில்ஸ்விட்ச் எங்கேஜ் என்ற மெட்டல் இசைக்குழுவின் ஆல்பங்களை வரிசை பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் ஒருவர் பாடுகிறார், அடுத்ததில் வேறு ஆள், 2013-இல் வந்ததில் மறுபடி பழைய குரல். என் காதில்தான் கோளாறா?

பதில்: காது நன்றாகவே வேலை செய்கிறது. முதலில் பாடியவரும் இப்போது பாடுபவரும் ஜெஸ்ஸி லீச். நடுவில் ஏறக்குறைய பத்து வருஷம் பாடியவர் ஹோவர்ட் ஜோன்ஸ்.

குழு 1999-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட்ஃபீல்டில் உருவானது. ஓவர்காஸ்ட், ஆஃப்டர்ஷாக் என்ற இரண்டு குழுக்கள் கலைந்தபோது முதலாவதிலிருந்து பேஸ் கிட்டார்காரர் மைக் டி'ஆன்டோனியோவும், இரண்டாவதிலிருந்து ஆடம் டட்கேவிச், ஜோயல் ஸ்ட்ரோட்செல் இருவரும் வந்து சேர்ந்தார்கள், பாட ஜெஸ்ஸி வந்தார். ஆடம் அப்போது டிரம்ஸ் வாசித்தார் என்பது இன்றைக்கு அவரை கிட்டாரோடு மட்டுமே பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 2000-இல் ஃபெரெட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தில் முதல் ஆல்பம் வந்தது, அப்புறம் ரோட்ரன்னர் நிறுவனம் இவர்களைப் பிடித்துக்கொண்டது. 2002-இல் வந்த 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீத்திங்'தான் திருப்பம். ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசம், ஸ்வீடன் பக்கத்து மெட்டல் குழுக்களின் இரட்டை கிட்டார் மெலடி, கத்தலில் ஆரம்பித்து கோரஸில் வாய்விட்டுப் பாடுவது என எல்லாம் அதில் சரியாகப் பொருந்தின. பின்னால் வந்த எத்தனையோ மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த பாணி) குழுக்கள் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டன.

அந்த நேரம் பார்த்து ஜெஸ்ஸி விலகினார். தொண்டையில் பிரச்சினை, மன அழுத்தம், புதிதாகக் கல்யாணம், ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை ஒத்துவரவில்லை. அவர் போனதில் தப்பில்லை, ஆனால் அதை ஒரு மின்னஞ்சலில் சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், அதில் மற்றவர்களுக்கு ரொம்ப வருத்தம். மூன்று வருஷம் ஒரே வண்டியில் சுற்றியவர்களுக்கு அது வலிக்கத்தானே செய்யும்.

பிளட் ஹாஸ் பீன் ஷெட் குழுவிலிருந்து ஹோவர்ட் வந்தார், கொஞ்ச நாளில் அதே குழுவின் டிரம்ஸ்காரர் ஜஸ்டின் ஃபோலியும் வந்துவிட்டார். ஆடம் ஏற்கெனவே கிட்டாருக்கு மாறியிருந்தார். 2004-இல் வந்த 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்ஏக்' அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி கோல்ட் சான்றிதழ் வாங்கியது, அதன் தலைப்புப் பாடல் கிராமி பரிந்துரைக்குப் போனது. 2006-இல் 'அஸ் டேலைட் டைஸ்', 2009-இல் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் 7-ஆம் இடம் பிடித்த இன்னொரு ஆல்பம். பெரிய ஆல்பங்கள் வந்ததும் பெரிய கூட்டம் சேர்ந்ததும் ஹோவர்ட் காலத்தில்தான், இதை ஜெஸ்ஸி ரசிகர்கள் கொஞ்சம் மனசில்லாமல்தான் ஒப்புக்கொள்வார்கள்.

2012 ஜனவரியில் ஹோவர்டும் விலகினார், அவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அடுத்த மாதமே ஜெஸ்ஸி திரும்பி வந்தார். இது திடீரென்று நடந்ததாகத் தோன்றும், ஆனால் அதற்கு முந்தைய வருஷமே அவரும் ஆடமும் டைம்ஸ் ஆஃப் கிரேஸ் என்ற பெயரில் தனி ஆல்பம் போட்டிருந்தார்கள், அதாவது மின்னஞ்சல் மனக்கசப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. 2013-இல் 'டிஸ்ஆர்ம் தி டிசென்ட்' வந்தது, நீங்கள் கேட்ட பழைய குரல் அதில்தான். 2019-இல் வந்த 'அடோன்மென்ட்' ஆல்பத்தில் ஒரு பாட்டில் இருவருமே சேர்ந்து கத்துகிறார்கள்.

கேள்வி: பாடகர் மாறினாலே குழு செத்துப்போவதுதான் வழக்கம். இவர்கள் இரண்டு தடவை மாற்றியும் எப்படித் தப்பித்தார்கள்?

பதில்: பாட்டு கட்டுபவர்கள் மாறவில்லை, அவ்வளவுதான். ஆடம், ஜோயல், மைக் மூவரும் முதல் நாளிலிருந்து இருக்கிறார்கள். ஆடம் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஒலிப்பதிவும் தயாரிப்பும் படித்தவர், குழுவின் ஆல்பங்களைப் பெரும்பாலும் அவரே தயாரிக்கிறார், வேறு மெட்டல்கோர் குழுக்களுக்கும் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். ஆல்பத்தில் கோரஸில் கேட்கும் துணைக்குரலும் பெரும்பாலும் அவருடையதுதான். முன்வரிசைக் குரல் யாராக இருந்தாலும் பின்னால் அதே ஆள் நிற்பதால் கேட்பவருக்கு வீடு மாறிய உணர்வு வருவதில்லை. 2009 ஆல்பத்தில் பிரெண்டன் ஓ'பிரையன் என்ற பெரிய தயாரிப்பாளரைக் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் வழவழப்பு கூடிப்போய், காரம் குறைந்த ஆல்பம் அது.

கேள்வி: அந்த ஆடம் மேடையில் அரைக்கால் சட்டையும் முதுகில் கேப்பும் போட்டுக்கொண்டு கோமாளித்தனம் பண்ணுகிறாரே. இவ்வளவு சோகமான பாட்டுக்கு இது தேவையா?

பதில்: தேவைதான். எல்லோரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றால் யார் பார்ப்பது?

கேள்வி: மல்யுத்தத்தில் சிஎம் பங்க் நடந்துவரும்போது ஒலித்த பழைய பாட்டு இவர்களுடையதா?

பதில்: ஆமாம். 2006-இல் டபிள்யூடபிள்யூஇ என்ற மல்யுத்த நிறுவனத்துக்காகப் போட்டது, ஹோவர்ட் குரல். மெட்டலே பிடிக்காத எத்தனையோ பேருக்கு இந்தப் பாட்டு மனப்பாடம், குழுவின் பெயர் மட்டும் தெரியாது.

கேள்வி: முதலில் எந்த ஆல்பம்? ஜெஸ்ஸியா, ஹோவர்டா?

பதில்: சண்டை மூட்டாதீர்கள். ஹோவர்டின் குரல் ஆழமானது, சோகத்தை இழுத்துப் பாடுவதில் அவரை மிஞ்ச முடியாது. ஜெஸ்ஸியிடம் ஒரு பதற்றம் இருக்கிறது, சொல்வதை இப்போதே சொல்லியாக வேண்டும் என்பது மாதிரி. 2018-இல் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்த பிறகும் அது போகவில்லை. 2004 ஆல்பத்தில் தொடங்கி, 2002 ஆல்பத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து நேராக 2013-க்குத் தாவுங்கள். பிடித்துவிட்டால் 2025-இல் வந்த 'திஸ் கான்சிக்வென்ஸ்' காத்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: 2000 ஆல்பத்துக்கும் 2009 ஆல்பத்துக்கும் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார்கள், வருஷத்தைப் பார்த்து எடுங்கள்.