நிலவில் மனிதன் இறங்கியது நிஜமா? பட்டிமன்றம் வேண்டாம், வழக்காடு மன்றம் நடத்துங்கள்

கேள்வி: நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆண்டு விழாவில் 'மனிதன் நிலவில் கால் வைத்தது நிஜமா, நாடகமா?' என்று பட்டிமன்றம் நடத்த வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் 'நாடகம்' அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் கைபேசியில் பார்த்த காணொளிகளின் விளைவு. அவர்கள் கேட்பதில் சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. நடுவரும் நான்தான். எப்படி நடத்துவது? அல்லது இந்தத் தலைப்பையே தவிர்த்துவிடலாமா?

பதில்: தவிர்க்காதீர்கள். நீங்கள் தவிர்த்தால், ஆசிரியையிடம் பதில் இல்லை என்றுதான் பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். ஆனால் பட்டிமன்றமாக மட்டும் நடத்த வேண்டாம். கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்ற தலைப்பில் நடுவர் இரண்டு அணியையும் தட்டிக்கொடுத்து, இரண்டிலும் நன்மை இருக்கிறது என்று முடிக்கலாம். இங்கே அப்படி முடிக்க வழி இல்லை. 1969 ஜூலை 20 அன்று அமைதிக் கடல் எனப்படும் சமவெளியில் இரண்டு பேர் இறங்கினார்களா, இல்லையா? இறங்கினார்கள். 1972 டிசம்பருக்குள் அமெரிக்காவின் அப்போலோ திட்டத்தில் ஆறு பயணங்களில் 12 பேர் அங்கே நடந்தார்கள். நடந்த ஒன்றுக்குச் சரிபாதி மதிப்பெண் போட்டு நடுவர் எழுந்துவிடக் கூடாது.

நம் மேடைகளில் இதற்கென்றே இன்னொரு வடிவம் இருக்கிறது: வழக்காடு மன்றம். அதில் குற்றம் சாட்டுபவர் உண்டு, மறுப்பவர் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, கடைசியில் தீர்ப்பும் உண்டு. கைத்தட்டலுக்கு அங்கே எடை கிடையாது, சான்றுக்குத்தான் எடை. அப்படி நடத்துங்கள். இரண்டே விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் விதி குற்றம் சாட்டும் அணிக்கு. நாற்பது சந்தேகங்களை அடுக்குவது வழக்கு ஆகாது. 'இறங்கவில்லை என்றால் நடந்தது என்ன?' என்று தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையாக அவர்கள் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு என்றால், வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் எங்கிருந்து வந்தன? வானொலி அலைகள் எங்கிருந்து வந்தன? சொல்லும் கதை எல்லாக் கேள்விக்கும் ஈடுகொடுக்க வேண்டும். காணொளிகள் பார்ப்பவரை மயக்குவதற்குக் காரணமே, அவை ஒரு கேள்வியை வீசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததற்குத் தாவிவிடுவதுதான்.

இரண்டாம் விதி மறுக்கும் அணிக்கு. ஒவ்வொரு சான்றும் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று அவர்களே சொல்ல வேண்டும். இந்த அணிதான் அலட்சியத்தால் தோற்கக்கூடிய அணி. நான் பார்த்த வரையில், உண்மையின் பக்கம் நிற்பவர்கள் பலவீனமான வாதத்தை முதலில் எடுத்துவைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

லேசர் எதிரொளிப்பான் அப்படிப்பட்டது. அப்போலோ 11, 14, 15 ஆகிய பயணங்களில் வீரர்கள், ஒளியை வந்த திசைக்கே திருப்பும் எதிரொளிப்பான் தகடுகளை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். 1969 ஆகஸ்ட் 1 அன்றே கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகம் லேசரை அனுப்பி, திரும்பி வந்த ஒளியைப் பிடித்தது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போகிறது என்பது இத்தகைய அளவீடுகளால்தான் தெரிகிறது. அருமையான அறிவியல். ஆனால் சோவியத் யூனியன் ஆளில்லாமல் அனுப்பிய லூனோகோட் ஊர்திகளிலும் எதிரொளிப்பான்கள் இருக்கின்றன. ஆகவே இது 'அந்த இடத்தில் ஒரு கருவி இருக்கிறது' என்பதை நிரூபிக்கும். 'மனிதன் வைத்தான்' என்பதைத் தனியாக நிரூபிக்காது. எதிரணி சொல்வதற்கு முன்பு உங்கள் மாணவரே இதைச் சொல்லட்டும். சபை அவரை நம்பத் தொடங்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலிமையாகத் தோன்றும் சான்று கல்தான். இதற்கு நேரம் தாராளமாக ஒதுக்குங்கள்.

அப்போலோ 11 இறங்கியது கரிய எரிமலைப் பாறைச் சமவெளியில். அங்கிருந்து வந்த மண்ணில் அந்த இடத்துக்குப் பொருந்தாத சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. அவை அனார்த்தோசைட் என்னும் பாறை வகை. விண்கல் மோதல்களில் தொலைவிலுள்ள வெளிர் மேட்டுநிலத்திலிருந்து தெறித்து வந்தவை என்றும், அப்படியானால் நிலவின் மேலோடே ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்து இறுகியிருக்க வேண்டும் என்றும் அமெரிக்க ஆய்வாளர் ஜான் வுட் குழுவினர் 1970 ஜனவரியில் முன்வைத்தார்கள். 1972-இல் அப்போலோ 16 மேட்டுநிலத்திலேயே இறங்கி அந்தப் பாறையை நேரடியாக அள்ளிவந்தது.

இப்போது 2023 ஆகஸ்டுக்கு வாருங்கள். சந்திரயான்-3 இறங்கியது நிலவின் தென்பகுதியில், ஏறத்தாழ 69 பாகை தென் அட்சத்தில். அதற்கு முன் எவரும் மண்ணைத் தொட்டுச் சோதிக்காத பகுதி அது. பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. 2024-இல் வெளியான முடிவு: இரும்புச் சத்துள்ள அனார்த்தோசைட் வகை. அதன் அளவுகள் அப்போலோ 16 கொண்டுவந்த மண்ணுக்கும், சோவியத்தின் லூனா 20 கொண்டுவந்த மண்ணுக்கும் இடையில் விழுகின்றன. அரை நூற்றாண்டு இடைவெளியில், மூன்று நாடுகள், மூன்று வேறு இடங்களில் எடுத்தவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அரங்கத்தில் செய்த மண் என்றால், அமெரிக்கா 1972-இல் செய்த பொய்க்கு இஸ்ரோ 2023-இல் எப்படிப் பொருந்தும் என்று குறுக்கு விசாரணையில் கேட்கச் சொல்லுங்கள்.

இதில் நம் ஊர்க் கல்லும் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இந்த அனார்த்தோசைட் இயற்கையாகவே கிடைக்கிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க, அந்தக் கல்லைப் பொடித்துத்தான் இஸ்ரோ போலி நிலவு மண் தயாரித்தது. நிலவு மண்ணோடு ஒத்துப்போகிறதா என்று எதை வைத்து ஒப்பிட்டார்கள்? அப்போலோ 16 மண்ணை வைத்துத்தான். என் மேசையில் ஒரு சித்தம்பூண்டித் துண்டு கிடக்கிறது. உடைந்த பக்கம் கல்கண்டு போல மங்கிய வெள்ளை, நடுநடுவே கரும்பச்சைப் பொட்டுகள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ஒரு கல்லை வரவழைத்து மேடையில் வையுங்கள்.

'போலி மண் செய்ய முடிகிறதே, அப்போது மட்டும் ஏன் முடியாது?' என்று எதிரணி பாயும். நல்ல கேள்வி, பாயட்டும். நாம் செய்த மண், ஊர்தியின் சக்கரத்தை ஏமாற்றும், நுண்ணோக்கியை ஏமாற்றாது. நிஜ நிலவுக் கல்லின் மேற்பரப்பில் நுண் விண்துகள்கள் குத்திய கண்ணாடிக் குழிகள் இருக்கும். காற்று இருக்கும் பூமியில் அவை உண்டாகா. படிகங்களுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அண்டக் கதிர்கள் துளைத்த தடங்கள் இருக்கும். இந்தத் தடங்களை ஆராய்ந்தவர்களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேவேந்திர லால் குழுவினரும் உண்டு. அப்போலோ மாதிரிகள் அங்கே வந்தன. 'ஆளில்லாக் கலம் கொண்டுவந்திருக்கலாமே' என்றால், அன்றைய ஆளில்லாக் கலங்களின் திறன் என்ன என்பதும் தெரிந்ததே. லூனா 16 கொண்டுவந்தது 101 கிராம். அப்போலோ 16 கொண்டுவந்த ஒரே ஒரு பாறை மட்டும் 11 கிலோவுக்கு மேல்.

அடுத்த வலிமையான சான்று தூசு. 1972 ஏப்ரலில் ஜான் யங் நிலவு ஊர்தியை வேகமாக ஓட்ட, சார்லஸ் டியூக் அதைப் படமெடுத்தார். அதைத் திரையில் போட்டுக் காட்டுங்கள், சக்கரத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நம் செம்மண் சாலையில் பஸ் போனால் புழுதி கிளம்பி நெடுநேரம் மிதக்கும். அங்கே அப்படி இல்லை. எறிந்த கல்லைப் போல ஒவ்வொரு துகளும் வளைந்து ஏறி வளைந்து விழுகிறது. மேகமாக ஒன்றும் நிற்பதில்லை. காற்றே இல்லாத இடத்தில்தான் இது நடக்கும். 'மெதுவாக ஓட்டிய படம்' என்பார்கள். நிலவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு. பூமியில் விழும் வேகம் வரவேண்டுமானால் படத்தைச் சுமார் இரண்டரை மடங்கு விரைவாக ஓட்ட வேண்டும். வீரர்கள் நடக்கும் காட்சிகளை அப்படி ஓட்டிக் காட்டுங்கள். கைகளும் தலையும் வெட்டி வெட்டி ஆடும். தூசு அப்போதும் மிதக்காது.

மூன்றாவது, வானொலி. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 64 மீட்டர் விட்டமுள்ள தட்டு. அது நிலவை நோக்கித் திரும்பியிருந்தபோதுதான் அப்போலோ 11 ஒளிபரப்பைப் பிடித்தது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கி அதே நாட்களில் அப்போலோவையும், சோவியத்தின் லூனா 15 என்ற ஆளில்லாக் கலத்தையும் சேர்த்தே கவனித்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை விட்டுக் கிளம்புவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு அந்த லூனா 15 நிலவில் மோதி நொறுங்கியது. போட்டி நாட்டின் கலமே அன்று நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வானொலி அலை அங்கே போய்த் திரும்ப 2.6 வினாடி ஆகும். வெட்டப்படாத ஒலிப்பதிவில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் கேள்வி கேட்ட பிறகு வரும் அந்த இடைவெளியைக் கடிகாரம் வைத்து மாணவர்களே அளக்கலாம்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்விகளை இனி விரைவாகப் பார்த்துவிடலாம். கொடி ஆடுவது: மேலே குறுக்குக் கம்பி உண்டு, அது முழுதாக நீளவில்லை, அதனால் சுருக்கம், காற்றுத் தடை இல்லாததால் கம்பியைத் திருகியபின் ஆட்டம் அடங்க நேரமாகும். நட்சத்திரம் இல்லாதது: வெயிலில் நிற்கும் வெள்ளை உடைக்காகக் கேமரா மிகக் குறுகிய நேரமே திறக்கும். சீனாவின் சாங்இ-3 2013-இல் எடுத்த படங்களிலும் வானம் வெறும் கறுப்பே. விளக்கடியில் நிற்கும் நண்பனை இரவில் சாதாரணமாகப் படமெடுத்து, பின்னால் நட்சத்திரம் விழுகிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். நிழல்கள் பல திசையில் விழுவது: மேடுபள்ளமும் தொலைவுத் தோற்றமும். பல விளக்குகள் போட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் பல நிழல் விழுந்திருக்கும். மின்னொளியில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆட்டக்காரரின் காலடியைப் பார்த்தாலே புரியும். நிலவுப் படங்களில் ஆளுக்கு ஒரே நிழல்.

இறங்கும் கலத்தின் எந்திரம் பீய்ச்சியும் தரையில் ஏன் பள்ளம் விழவில்லை என்பதற்குச் சந்திரயான்-3 நல்ல விடை தருகிறது. அதன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியபோது சுமார் 2.06 டன் மண் பெயர்ந்தது. ஆனால் குழி தோண்டவில்லை. 108 சதுர மீட்டர் பரப்பில் மேல்மண்ணைத் தள்ளி ஒரு வெளிர் வட்டத்தை விட்டது. அப்போலோ 15 இறங்கிய இடத்திலும் அத்தகைய வட்டத்தை ஜப்பானின் ககுயா சுற்றுகலம் 2008-இல் கண்டது.

கதிர்வீச்சு பற்றிய கேள்வியைச் சிரித்து ஒதுக்காதீர்கள், அது உண்மையான ஆபத்து. பூமியைச் சூழ்ந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களின் அடர்ந்த நடுப்பகுதியைத் தவிர்த்து, மெலிந்த ஓரங்கள் வழியாகச் சில மணி நேரத்தில் கடந்தார்கள். மிக அதிகமாகக் கதிர்வீச்சு வாங்கிய அப்போலோ 14 குழுவின் சராசரி 1.14 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இன்று ஒருவர் வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் பெறும் அளவுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் 1972 ஆகஸ்டில் ஒரு பெரும் சூரியப் புயல் வீசியது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் கிளம்பியது. இடையில் யாராவது அங்கே இருந்திருந்தால் உடல்நலம் கடுமையாகக் கெட்டிருக்கும். இதையும் சபையில் சொல்லுங்கள்.

மூலப் பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டன என்பது பொய்யல்ல. அப்போலோ 11-இன் நேரடிக் காட்சி பதிவான மூல நாடாக்களை மறுபயன்பாட்டுக்காக அழித்துவிட்டார்கள். நாசாவே 2009-இல் அதை ஒப்புக்கொண்டது. மன்னிக்க முடியாத அலட்சியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒளிபரப்பான காட்சிகளும் ஃபிலிம் சுருள்களும் மற்ற ஐந்து பயணங்களின் பதிவுகளும் அப்படியே இருக்கின்றன. மறுக்கும் அணி இதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

'ஆம்ஸ்ட்ராங் இறங்குவதை யார் படமெடுத்தது?' என்று ஒரு மாணவர் கட்டாயம் எழுவார். ஏணியில் நின்றபடி அவர் ஒரு வளையத்தை இழுக்க, கலத்தின் பக்கவாட்டுப் பலகை விரிந்து அதிலிருந்த கேமரா வெளியே வந்தது. அப்போலோ 17 கிளம்பும்போது கேமரா அண்ணாந்து அதைப் பின்தொடர்வது இன்னும் சுவையானது. நிறுத்திவிட்டு வந்த ஊர்தியில் இருந்த அந்தக் கேமராவை ஹூஸ்டனில் அமர்ந்து இயக்கியவர் எட் ஃபெண்டல். கட்டளை போய்ச் சேரும் தாமதத்தைக் கணக்கிட்டு, கலம் எழும்புவதற்கு முன்பே பொத்தானை அழுத்தினார். முந்தைய இரண்டு பயணங்களில் இது சரியாக அமையவில்லை.

'பிறகு ஏன் போகவில்லை?' பணமும் அரசியல் விருப்பமும் தீர்ந்தன. அப்போலோ 18, 19, 20 பயணங்கள் 1970-இலேயே கைவிடப்பட்டன. ஒலியை முந்திப் பறந்த கான்கார்ட் விமானம் 2003-இல் நின்றது. அதனால் அது பறக்கவே இல்லை என்று எவரும் சொல்வதில்லை.

நாசா படத்தை நம்ப மாட்டேன் என்பவருக்கு நம் சந்திரயான்-2 சுற்றுகலத்தின் படத்தைக் காட்டுங்கள். கால் மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும் அதன் கேமரா, அப்போலோ 11, 12 இறங்கிய இடங்களில் கலத்தின் அடிப்பாகம் நிற்பதைப் பதிவு செய்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். 'நாடகம்' அணிப் பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்று மேடையில் அறிவிக்காதீர்கள். தீர்ப்பை வழக்குக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். மிகக் கூர்மையான குறுக்குக் கேள்வி கேட்டவருக்கு ஒரு பரிசு ஒதுக்குங்கள்; அது அந்த அணிக்குப் போனாலும் போகட்டும். ஒத்திகையின்போதே ஒவ்வொருவரிடமும், 'எந்தச் சான்றைக் காட்டினால் நீ மனம் மாறுவாய்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விழா நாளில் அந்தத் தாளைத் திரும்பக் கையில் கொடுங்கள்.

விழாத் தேதி உங்கள் கையில் இருந்தால், வளர்பிறை அட்டமியை ஒட்டி வையுங்கள். அன்று மாலை பொழுது சாயும்போதே பாதி நிலா உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். ஒளி விழும் அந்தப் பாதியில் வெறுங்கண்ணுக்கே தெரியும் கரும்பட்டைகளில் ஒன்று அமைதிக் கடல். அதே பாதியின் தென்விளிம்பை ஒட்டி விக்ரம் நிற்கிறது. ஒரு இருகண்ணோக்கியை இரவல் வாங்கி வையுங்கள். மாணவர்கள் வரிசையில் நின்று பார்க்கட்டும்.