மூன்று சுழியும் ஒரு சிலந்தியும்

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். என் மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தமிழானாலும் ஆங்கிலமானாலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி, சொந்தமாக ஒரு வரி எழுதமாட்டாள். தமிழில் ‘ன’, ‘ண’ குழப்பம் வேறு. அவளுடைய அத்தை ‘சார்லட்ஸ் வெப்’ நாவலை ஆங்கிலத்தில் வாங்கித் தந்திருக்கிறார். அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா, இன்னும் இரண்டு வருடம் பொறுக்கவேண்டுமா?

பதில்: பொறுக்கவேண்டாம், இன்றைக்கே தொடங்குங்கள். ஈ. பி. வைட் எழுதி 1952-இல் வெளிவந்த இந்த நாவலில், வெட்டுப்பட இருக்கும் வில்பர் என்ற பன்றிக்குட்டியைச் சார்லட் என்ற சிலந்தி காப்பாற்றுகிறது. எப்படி? தன் வலையில் சொற்களை எழுதி. எழுதுவது எதற்காக என்று உங்கள் மகளுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை; பலகையில் இருப்பதை நோட்டில் இறக்குவதுதான் எழுத்து என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பை மாற்ற இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, ‘படி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த வயதில் தானே வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம். நீங்கள் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அதை வீட்டில் பேசும் தமிழில் சொல்லுங்கள். வாத்து பேசும் வரிகளை மட்டும் அவளுக்கு விடுங்கள். அது சொற்களை மூன்று முறை அடுக்கிச் சொல்லும். திக்கித் திணறும் குழந்தைக்கு அந்த அடுக்கு நல்ல பிடிமானம். மொத்தம் 22 அத்தியாயங்கள், வாரத்துக்கு மூன்று போதும்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் நிதானியுங்கள். அங்கே சார்லட் ஒவ்வோர் எழுத்தையும் பின்னும்போது, மேலே ஏறு, ஒட்டு, நூலை விடு, கீழே இறங்கு என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொள்கிறாள். உங்கள் மகளின் சுழிக் குழப்பத்துக்கு மருந்து இதுதான். தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதவிடுங்கள். ‘ஒரு சுழி, இன்னொரு சுழி, இறங்கு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ‘ன’ எழுதட்டும். ‘ண’ வந்தால் மூன்றாவது சுழி. கண்ணால் பார்த்துக் குழம்பிய எழுத்து, வாயும் கையும் சேரும்போது பிடிபடுகிறது.

அடுத்தது சொல் வேட்டை. வலையில் எழுதுவதற்கான சொற்களை டெம்பிள்டன் என்ற எலி குப்பைமேட்டிலிருந்து பொறுக்கி வருகிறது. ‘மொறுமொறுப்பு’ என்று ஒரு விளம்பரத் துண்டு; பன்றியைப் பார்த்து வறுவல் நினைவு வந்துவிடும் என்று சார்லட் அதைத் தள்ளிவிடுகிறாள். சோப்புத்தூள் அட்டையில் இருந்த ‘ஒளிவீசும்’ என்ற சொல்லையோ, வில்பரை ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே ஏற்கிறாள். உங்கள் வீட்டிலும் பால் பாக்கெட், துணிக்கடை நோட்டீஸ், ரயில் நிலையப் பெயர்ப்பலகை என்று ஒரு வாரம் சொற்களைச் சேர்க்கட்டும். பிறகு பாட்டிக்குப் பொருந்தும் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கதவில் ஒட்டட்டும். விட்ட சொற்களை ஏன் விட்டாள் என்று கேளுங்கள். அவள் சொல்வதை நீங்கள் எழுதி, அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தில் எந்தக் குழந்தையும் அதிகம் தடுமாறாது. பேச்சுத் தமிழில் சொன்னால் அப்படியே எழுதுங்கள்; எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதை மறுநாள் இருவரும் சேர்ந்து செய்யலாம். பிழைக்குச் சிவப்பு மை வேண்டவே வேண்டாம். அது பல குழந்தைகளின் பேனாவை மூடவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தமிழிலும் புத்தகம் தேடினால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கு ஒரு ஞாயிறு அழைத்துச் செல்லுங்கள். எடுக்கும் புத்தகத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருபத்தோராம் அத்தியாயத்தில் சார்லட் இறந்துவிடுகிறாள். அழுவாளே என்று அதைத் தாண்டிப் போகவேண்டாம். அழட்டும், நீங்களும் அழுதால் தவறில்லை. அன்றைக்கு மட்டும் நோட்டைத் திறக்காதீர்கள். சார்லட் விட்டுச்சென்ற 514 முட்டைகள் பொரிவது கடைசி அத்தியாயத்தில். அதன் முதல் பக்கத்தையாவது மகள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். எவ்வளவு நேரமானாலும் எடுத்துக்கொடுக்காமல் கேளுங்கள்.