சம்மட்டி அடிக்கும் நாயகி – கடிதம்

அன்புள்ள அக்கா,

அட்லாண்டாவில் இருக்கிறேன். உங்களைப் பல வருடங்களாக வாசித்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை. கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. டிசம்பர் வந்தால் மாமியாரும் நானும் ஹால்மார்க் சேனலில் வரும் கிறிஸ்துமஸ் காதல் படங்களாகப் பார்த்துத் தள்ளுவோம். போன வாரம் ஒரு படம். நியூயார்க்கில் வேலை பார்க்கும் பெண், பாட்டி விட்டுப்போன நூற்றைம்பது வருட வீட்டை விற்பதற்காக ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊருக்கு வருகிறாள். வீட்டைச் செப்பனிட வரும் கான்ட்ராக்டர் அவளுடைய பள்ளிக்காலக் காதலன். இருவரும் சேர்ந்து சம்மட்டியால் ஒரு சுவரை உடைக்கிறார்கள். அந்தக் காட்சியில் அழுதுவிட்டேன். கணவர் சிரிக்கிறார். வாசிப்புக் குழு நண்பர்கள், இதையெல்லாம் பார்ப்பதே ரசனைக்கேடு என்கிறார்கள். இப்படி ஒரு படத்துக்கு அழுவது தவறா? பிரிந்தவர்கள் திரும்பச் சேர்வது நிஜத்தில் உண்டா?

பி.கு: பொறையாரில் அப்பா வீட்டைத் தம்பி ரிப்பேர் செய்கிறான். பழைய காரையை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு நன்றாகச் சிமெண்ட் பூசப்போகிறானாம். படம் பார்த்த அன்றுதான் வீடியோ அனுப்பினான். அழுகைக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

வி.

அன்புள்ள வி.,

அழுவது தவறில்லை. அழுதுவிட்டுப் போங்கள். ரசனைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. உங்கள் நண்பர்களைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருந்தால்கூட நல்லதுதான்.

அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அக்கா மகள் உங்கள் ஜார்ஜியாவிலேயே சவானா நகரத்தில் இருந்தபோது ஒரு டிசம்பர் முழுக்க அவள் வீட்டில் இருந்தேன். இரவு உணவு முடிந்ததும் இதுதான். விளம்பரத்துக்கு வசதியாகக் கதையை ஒன்பது துண்டாக நறுக்கியிருப்பார்கள். முத்தம் கடைசித் துண்டில். அதற்கு முன்னால் முகங்கள் நெருங்கினால் யாராவது கதவைத் தட்டுவார்கள், இல்லையென்றால் போன் அடிக்கும். முழுப் படத்தையும் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்து முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் கனடாவில், பல சமயம் வெயில் காலத்தில், போலிப் பனியைத் தூவி. எல்லாம் தெரிந்துதான் பார்த்தேன். சீதா கல்யாணம் எப்படி முடியும் என்று தெரியாமலா காலட்சேபத்துக்குப் போய் உட்கார்ந்தோம்?

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் எனக்குக் கோபம் வந்தது. முதல் இடம் சம்மட்டி.

அமெரிக்காவில் அந்த வயதுள்ள வீட்டின் உட்சுவர் எப்படி இருக்கும் தெரியுமா? மரச்சட்டத்தின் மேல் ஒன்றேகால் அங்குல அகலத்தில் மெல்லிய பட்டிகளை நெருக்கமாக அடித்திருப்பார்கள். அதன்மேல் மாட்டு மயிரோ குதிரை மயிரோ கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூச்சுமேல் பூச்சாகப் பூசியிருப்பார்கள். சாந்து பட்டிகளின் இடுக்கில் பிதுங்கி, அந்தப் பக்கம் கொஞ்சம் வழிந்து, கொக்கி போட்ட மாதிரி இறுகி நிற்கும். பிடிமானமே அந்தக் கொக்கிதான். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அடித்த இடத்தோடு நிற்காது. நான்கடி தள்ளி, நல்லபடியாக இருந்த இடத்திலும் பிடி விட்டுவிடும். அப்புறம் பெயிண்ட். வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்டை அமெரிக்கா தடை செய்ததே 1978இல்தான். அந்தச் சுவரில் எத்தனை அடுக்கு ஈயம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நாயகி மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல், தலைமுடி கலையாமல் அடித்திருப்பாள். நாயகன் அவள் கன்னத்தில் ஒட்டிய தூசியைக் கட்டைவிரலால் துடைத்திருப்பானே? அங்கேதானே அழுதீர்கள்? ஈயத்தைத் துடைக்கிறான் அம்மா அவன்.

பழைய வீட்டைக் காப்பாற்றிய நிஜக் கதை வேண்டுமென்றால் அட்லாண்டாவிலிருந்து காரில் நாலு மணி நேரம், சவானாவுக்குப் போய்ப் பாருங்கள். 1954இல் அங்கே பழைய சந்தைக் கட்டடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டினார்கள். அடுத்த வருடம் டேவன்போர்ட் வீடு என்ற பழைய வீட்டுக்கு அதே கதி வர இருந்தது. ஈமச்சடங்கு நடத்துகிற ஒரு நிறுவனத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கினார்கள். இன்று சவானா சவானாவாக இருப்பது அங்கே தொடங்கியதுதான். ஏழு பெண்கள் ஒரு வீட்டுக்காகப் பணம் திரட்டிய கதையில் முத்தத்துக்கு இடமில்லை. அதனால் அந்தச் சேனலுக்கு ஆகாது.

டேவன்போர்ட் வீடு கட்டியது 1820இல். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை வாங்கியது 1824இல். அதாவது அந்த வீடு எழும்பியபோது இன்று நாம் மூட்டையில் வாங்குகிற சிமெண்ட் உலகத்திலேயே கிடையாது. சுண்ணாம்பும் மணலும்தான். அந்தக் காலத்துச் செங்கல் மெத்தென்று இருக்கும், தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீர் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்துகளில் இருக்கிற சுண்ணாம்புச் சாந்து வழியாக மெல்ல வெளியே போய்விடும். சந்தில் சிமெண்டை அடைத்தால் அந்த வழி மூடிக்கொள்கிறது. தண்ணீர் செங்கல் வழியாக வர ஆரம்பிக்கும். வரும்போது உப்பையும் கொண்டுவரும். உப்பு உள்ளேயே பூத்து, செங்கலின் முகத்தை உடைத்துத் தள்ளும்.

சவானாவில் ஒரு தெருவில் இதை நேரில் பார்த்தேன். யாரோ அக்கறையாகச் சிமெண்ட் வைத்துச் சந்து அடைத்திருந்தார்கள். செங்கலெல்லாம் உதிர்ந்து உள்வாங்கிவிட்டது. சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூடு மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கல் கரைந்துபோய்ச் சாந்து மிச்சம். நான் அந்தச் சுவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அக்கா மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அமெரிக்க தேசியப் பூங்கா சேவை, பழைய கட்டடம் வைத்திருப்பவர்களுக்காகச் சிறு கையேடுகள் வெளியிடுகிறது. அதில் இரண்டாவது கையேடே சந்து பூசுவதைப் பற்றித்தான். புதிதாக வைக்கிற சாந்து செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று அதில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். படத்துக் கான்ட்ராக்டர் அதைப் படித்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. இந்தப் படங்களில் சுவருக்குள்ளிருந்து ஒரு பழைய காதல் கடிதக் கட்டு கிடைப்பது வழக்கம். அந்தச் சுவரை எழுப்பியவர்கள் மட்டும் கிடைப்பதே இல்லை. சவானாவின் சாம்பல் நிறச் செங்கலுக்குப் பெரிய பேர் உண்டு. ஹெர்மிடேஜ் என்ற பண்ணைத் தோட்டத்தில் அடிமைகள் அறுத்துச் சுட்ட கல் அது. பக்கத்து மாநிலத்தில் சார்ல்ஸ்டன் போனால், சில வீட்டுச் செங்கற்களில் விரல் பதிந்த குழிகளைக் காட்டுவார்கள். ஈரம் காயும் முன் கல்லைத் திருப்பிப் போட்டவர்களின் தடம். சின்ன விரல்களும் உண்டு, குழந்தைகள். எனக்கு அழுகை வந்த இடம் அது. அதற்காக உங்கள் அழுகையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சவானாவை ஒட்டி வோர்ம்ஸ்லோ என்று ஒரு இடம். 1740 வாக்கில் கட்டிய வீட்டின் இடிந்த சுவர் நிற்கிறது. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, சிப்பி ஓடு, மணல், தண்ணீர், நாலையும் கலந்து இடித்து இறுக்கி எழுப்பிய சுவர். ஓடுகள் அப்படியே தெரியும். பார்த்ததும் எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீடும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டியதுதான்.

சரி, சொல்லிவிடுகிறேன். உங்கள் படக்கதை எனக்கே நடந்திருக்கிறது. 1991இல் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் காரை பெயர்ந்தது. அப்பா ஒரு இன்ஜினியரை வரச் சொன்னார். வந்தவன், நான் கல்லூரியில் படித்தபோது மூன்று வருடம் காதலித்தவன். அப்பாவுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தான். “இதெல்லாம் இத்துப்போச்சு சார். சுத்தமா எடுத்துட்டு சிமெண்ட் பூசிடலாம்” என்றான்.

எங்கள் தெருவில் ஒரு வயசான கொத்தனார் இருந்தார். அவர் மட்டும் வேண்டாம் என்றார். “சாந்து கல்லைவிடச் சாதுவா இருக்கணும் தம்பி. அடி வாங்குறது சாந்தா இருந்தாத்தான் கல்லு பொழைக்கும். சாந்தைத் திரும்பப் பூசிக்கலாம், கல்லை என்ன பண்ணுவே?” இவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. எனக்குச் சுண்ணாம்பும் தெரியாது, சிமெண்டும் தெரியாது. மடித்துவிட்ட அந்தச் சட்டைக்கையின் பக்கம் நின்றேன், அவ்வளவுதான்.

சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. போகிற வருகிறவர்களை எல்லாம் அப்பா கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாவது மழைக்காலத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியது. பெயிண்ட் பொரிந்தது, உப்பு பூத்தது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பாளம் அப்படியே விழுந்தது. புரட்டிப் பார்த்தேன். சிமெண்டின் முதுகில் செங்கலின் முகம் முழுசாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் விரலை வைத்தால் செம்மண் மாதிரி கொட்டியது.

அப்பா இறந்தபோது துக்கம் கேட்க அவன் வந்தான். தலையெல்லாம் நரைத்திருந்தது. மேற்குச் சுவர் பக்கம் போய் நகத்தால் சுரண்டினான். ரொம்ப நேரம் பேசவில்லை. “எங்களுக்குக் காலேஜ்ல சுண்ணாம்பு பத்தி ஒரு பாடம்கூட இல்ல” என்றான். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

இனி எனக்குக் கோபம் வந்த இரண்டாவது இடம், அந்தப் பின்குறிப்பு. கடிதத்தின் தலையில் எழுதவேண்டியதை வாலில் எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு இப்போதே போன் போடுங்கள். அங்கே விடிந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுப்புங்கள். சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியிருந்தால் திருப்பி அனுப்பட்டும், கடைக்காரர் எடுத்துக்கொள்ளாவிட்டால் வாசலுக்குச் சாய்தளம் போட்டுக்கொள்ளட்டும். பக்கத்திலேயே தரங்கம்பாடி இருக்கிறது. டேனிஷ்காரர்கள் காலத்து வீடுகளைச் சுண்ணாம்பு வைத்தே பழுதுபார்த்திருக்கிறார்கள். அந்த வேலை செய்த கொத்தனார் யாராவது அங்கே இருப்பார், தேடச் சொல்லுங்கள். தட்டி எடுத்த காரையைக் குப்பையில் கொட்ட வேண்டாம். ஒரு பிடியாவது பையில் போட்டு வைக்கட்டும். மணல் எவ்வளவு, பருமனா பொடியா, என்ன நிறம் என்று அதை உதிர்த்துப் பார்த்துத்தான் புதுச் சாந்து கலக்க வேண்டும். கூலி கூட ஆகும், நாளும் ஆகும். அவ்வளவு பொறுக்க முடியாவிட்டால் இப்போதைக்குச் சும்மா விட்டுவிடச் சொல்லுங்கள். பெயர்ந்த காரையோடு நிற்கிற வீடு உடனே ஒன்றும் கெட்டுப்போகாது.

வீடியோவில் எந்தச் சுவரை உடைத்திருந்தான்? திண்ணைப் பக்கச் சுவர் இன்னும் தப்பி நிற்கிறதா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா