குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி: எங்கிருந்து வந்தது, எப்படிப் போகும்?

கேள்வி: ராசிபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தை மாதம் முள்ளுவாடி ரகக் குச்சிக்கிழங்கு நட்டேன். இப்போது குருத்தெல்லாம் சுருண்டு கொத்துக் கொத்தாக நிற்கிறது. இலைக்கு அடியில் வெள்ளையாக மாவு அப்பியிருக்கிறது. இரண்டு தடவை புரோபனோபாஸ் அடித்தும் திரும்ப வருகிறது. அப்பா காலத்திலிருந்து போடும் பயிர், இப்படி ஒரு பூச்சியைப் பார்த்ததே இல்லை. இது எங்கிருந்து வந்தது? எதை அடித்தால் போகும்?

பதில்: முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். ஏன் என்பது பூச்சி வந்த வழியைச் சொன்னால்தான் விளங்கும்.

நீங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியே வெளியூர்ப் பயிர்தான். அமேசான் காட்டின் தென்மேற்குப் பகுதியில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடி மக்கள் காட்டுச் செடியைப் பழக்கி உருவாக்கியது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கும், அடுத்த நூற்றாண்டில் கேரளக் கரைக்கும் கொண்டுபோனார்கள். 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதை மக்களிடம் பரப்பினார். உங்கள் பக்கம் அது ஆலைப் பயிரானது இரண்டாம் உலகப் போரால். மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதும் சேலத்தில் கிழங்கு மாவிலேயே செய்யத் தொடங்கினார்கள்.

கடல் தாண்டியபோது பயிர் வந்தது, அதன் சொந்த ஊர்ப் பூச்சி அங்கேயே தங்கிவிட்டது. இத்தனை தலைமுறையாக நாம் அனுபவித்த நிம்மதி அதுதான். (இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோய் மட்டும் தலைகீழ்க் கதை. தென்னமெரிக்காவில் மரவள்ளிக்கு அந்த வைரஸ் கிடையாது. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்த பிறகு வெள்ளை ஈ மூலம் தொற்றிக்கொண்டது.)

1970களின் தொடக்கத்தில் அந்த மாவுப்பூச்சி காங்கோ பகுதியில் தலைகாட்டியது. ஆண் இல்லாமலே பெண் பூச்சி முட்டையிடும் இனம் அது. ஒரே ஒரு பூச்சி நடவுக் குச்சியில் ஒட்டிக்கொண்டு போனாலும் போதும், குடும்பம் பெருகிவிடும். சில இடங்களில் கிழங்கு விளைச்சல் 80 விழுக்காடு வரை விழுந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. 1981இல் பராகுவேயில் அதே பூச்சியையும், அதற்குள் முட்டையிட்டு வளரும் ஒரு பொடிக் குளவியையும் கண்டுபிடித்தார்கள். சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு அந்தக் குளவியைப் பெருக்கி ஆப்பிரிக்கா முழுக்க விட்டது. பூச்சி அடங்கியது. அந்த வேலைக்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அப்புறம் பூச்சி 2008இல் தாய்லாந்துக்கும், 2020இல் கேரளத்துக்கும், அதே ஆண்டில் நாமக்கல், சேலத்துக்கும் வந்தது. பெங்களூருவிலுள்ள வேளாண் பூச்சி வள தேசிய மையம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்தது. 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விட்டார்கள். உங்கள் வட்டாரத்தில் அது ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கலாம். புரோபனோபாஸ் அடித்தால் மாவுக்குள் ஒளிந்த பூச்சி தப்பும், வெளியில் திரியும் குளவி சாகும். திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது ஒரு குருத்தைப் பிரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உடல் இளஞ்சிவப்பாக இருந்தால் நான் சொல்லும் பூச்சிதான். மஞ்சளாக, பஞ்சு நூல் போல முட்டைப்பையோடு இருந்தால் அது பப்பாளி மாவுப்பூச்சி. அதற்குக் குளவி வேறு. மாவு உதிர்ந்து, பழுப்பாக உப்பி, கெட்டியாக ஒட்டியிருக்கும் பூச்சிகள் தென்படுகின்றனவா? அதில் வட்டமாகப் பொத்தல் இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட குருத்தைக் கிள்ளாதீர்கள். பழுப்புப் பூச்சியே இல்லாமல் வெறும் மாவு மட்டும் அப்பிய குருத்தை ஒடித்துப் பையில் போட்டு எரித்துவிடுங்கள். வரப்பில் வீச வேண்டாம். குளவி கிடைக்குமா என்று ஏத்தாப்பூர் நிலையத்தில் விசாரியுங்கள். அதுவரை தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சலாம். தேவைப்பட்டால் வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் 1500 பிபிஎம் மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளியுங்கள். நல்ல மழை இரண்டு பெய்தால் பாதிப் பூச்சி தானாகவே கழுவிப் போகும்.

நிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. சத்தில்லாத மணல் நிலமென்றால் குளவி விட்டும் பலன் குறையும். ஆப்பிரிக்காவில் கண்ட உண்மை இது. செடி வாடினால் பூச்சியும் சின்னதாகவே இருக்கும். சின்னப் பூச்சிக்குள் குளவி பெரும்பாலும் ஆண் முட்டையே இடும், பெண் குளவி பெருகாது. தொழு உரம் போட்டு, இலைதழையை மூடாக்காகப் பரப்பிய வயலில் அதே குளவி நன்றாக வேலை செய்தது. எனவே மருந்துக்கு வைத்த பணத்தை எருவுக்குப் போடுங்கள்.

அடுத்த நடவுக்கு இந்த வயலின் குச்சியை எடுக்காதீர்கள், பக்கத்து ஊருக்கும் கொடுக்காதீர்கள். வெளியில் வாங்கும் குச்சி எந்த ஊர் வயலுடையது என்று கேட்டு, கணுவைப் பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் 20 லிட்டர் தண்ணீரில் 4 கிராம் தயமீத்தாக்சம் 25 விழுக்காடு பூச்சிமருந்தைக் கரைத்து, 10 நிமிடம் குச்சியை முக்கி, நிழலில் உலர்த்தி நடுங்கள். இந்தப் பயிருக்கு ரசாயன மருந்து நான் சொல்வது அந்த ஒரு தடவைதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.